மழையில வாடகை சைக்கிளா, மச்சான்?

மச்சான், ஐப்பசியில புதுச்சேரிக்குப் போறியாமே. போ. வேணாம்னு சொல்ல நான் யாரு? உங்க அக்காவைக் கட்டிக்கினவன், அவ்ளோதான். கடலோரமா ரூமு எடுத்து, காலையில வாடகை சைக்கிள் வாங்கி, பிரெஞ்சுக்காரன் கட்டின தெருவெல்லாம் சுத்திப் பார்க்கப் போறேன்னு போன்ல சொன்னியாம். "ஒரு நாளைக்கு நூத்தம்பது ரூபாதான், மாமாகிட்ட சொல்லு"ன்னு வேற சொன்னியாம். சொன்னா. கேட்டுக்கினேன். அதான் எழுதறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டுல காலமெல்லாம் கணக்கு எழுதினவன் நீ. 1949-ல டிஐ சைக்கிள் கம்பெனி ஆரம்பிச்ச ஊரு அது. ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் அங்கேருந்துதான் லாரி ஏறி நாட்டுக்கெல்லாம் போச்சு. நீ மட்டும் கம்பெனி பஸ்ல போய் கம்பெனி பஸ்லயே திரும்பி வந்தே. சைக்கிள் செய்யிற ஊர்ல இருந்துக்கினு சைக்கிளே மிதிக்காத ஒரு ஆளு உண்டுன்னா அது என் மச்சான்தான்னு இங்க பெருமையா சொல்லிக்கினு இருந்தேன். இப்போ ரிடையர் ஆனதும் ஆசை வந்துடுச்சு. வரட்டும். ஆனா வாடகைன்னா அந்தப் பலகையில எழுதின நூத்தம்பதுன்னு நினைக்கிறே பாரு, அங்கதான் உன் கணக்குப் புத்தி எங்க போச்சுன்னு தெரியல.

வாடகை சைக்கிளைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். எங்க பள்ளிப்பட்டு பஜார்ல அந்தக் காலத்துல மணிக்கணக்கு வாடகைக் கடை இருந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. வாசல்ல வரிசையா வண்டி, மட்கார்டுல வெள்ளைப் பெயிண்ட்டுல நம்பர். உள்ளே ஒரு மேசை, நீளமான நோட்டு, பக்கத்துல அலாரம் கடிகாரம். கடிகாரம் எப்பவும் கொஞ்சம் முன்னாடி ஓடும். ஏன்னு கேட்டா, "ரயிலுக்குப் போறவங்களுக்கு உதவுமே"ம்பாரு கடைக்காரரு. பள்ளிப்பட்டுல ஏதுய்யா ரயிலு? சின்னப் பசங்க குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கினதெல்லாம் அந்தக் கடை வண்டியிலதான். 2024-ல அந்தப் பேர்லயே ஒரு படம் வந்துது, பேரப்பிள்ளைங்க போன்ல போட்டுக் காமிச்சாங்க. அதுல பையன் வாடகைக் காசுக்கு அலையறதைப் பார்த்து அதுங்க சிரிச்சுதுங்க. எனக்குச் சிரிப்பு வரல, அலைஞ்சவன் ஆச்சே.

அந்தக் கடையில சட்டம் மூணே மூணுதான். பஞ்சர் ஆனா எடுத்தவன் காசு. இருட்டினா ராத்திரி வாடகை தனி. மழை பெய்ஞ்சாலும் கடிகாரம் ஓடும்.

மூணாவதைக் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாரு. வெயில்ல எடுத்துக்கினு போற வண்டியை ஒரு மணி நேரமும் நீ ஓட்டுவே. மழையில எடுத்தா கால் மணி ஓட்டுவே, முக்கால் மணி ஏதாவது ஒரு டீக்கடைத் தாழ்வாரத்துல நிப்பே. சும்மா நிக்க விடுவானா கடைக்காரன்? ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி. மழை விடலைன்னா இன்னொரு டீ. சர்க்கரை இல்லாமதான் குடிப்பே, தெரியும். பஜ்ஜியை என்ன பண்ணுவே?

எங்க ஊர்ல மழைக் கணக்கே தனி. தலைக்கு மேல மேகமே இருக்காது, ஆத்துல வெள்ளம் வரும். மேல ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துட்டான்னா கொசஸ்தலை ஆறு பொங்கிக்கினு வந்து தரைப்பாலத்தை முழுக அடிச்சுடும். 1960 ஏப்ரல் 1-ம் தேதி எங்களைச் சித்தூர் ஜில்லாவுல இருந்து பிரிச்சு மெட்ராஸோட சேர்த்தாங்க. கோடு போட்டவங்க யாரும் ஆத்துகிட்ட கையெழுத்து வாங்கல. அப்படி ஒரு ஐப்பசியில ஒருத்தன் மணிக்கணக்கு சைக்கிளை எடுத்துக்கினு அக்கரைக்கு மாடு பார்க்கப் போனான். மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து விலை பேசி முடிக்கிறதுக்குள்ள பாலம் முழுகிடுச்சு. தண்ணி வடிஞ்சு அவன் திரும்பி வந்தப்போ கடைக்காரரு நோட்டைத் திறந்தாரு. பகல் வாடகை, ராத்திரி வாடகை, மறுபடி பகல், மறுபடி ராத்திரி. "ஆறு வந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்"னு இவன் கேட்டான். "ஆறு வந்ததுக்கு நானா காரணம்"னு அவரு கேட்டாரு. ரெண்டுமே நியாயம்தான். மாட்டுக்குக் குடுக்க வெச்சிருந்த அட்வான்ஸ் சைக்கிள் கடைக்குப் போச்சு.

அந்தக் கடையெல்லாம் இப்போ இல்ல. 2001-ல இருந்து கவர்மெண்ட்டே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு இலவச சைக்கிள் குடுக்க ஆரம்பிச்சுது. முதல்ல ஆதிதிராவிடர், பழங்குடிப் பொண்ணுங்களுக்கு, அப்புறம் எல்லாருக்கும். அப்பால மோட்டார் வண்டி வந்துடுச்சு. வீட்டுக்கு வீடு வண்டி இருக்கும்போது மணிக்கணக்குல யாரு எடுப்பான்? கடை போச்சே ஒழிய அந்தச் சட்டம் போகல. 2019-ல சென்னையில ஸ்டாண்டு போட்டு ஆப்ல எடுக்கிற வாடகை சைக்கிள் விட்டாங்களே, அந்த ஜாதி வண்டியில எல்லாம் நீ திரும்ப ஸ்டாண்டுல கொண்டுபோய்ப் பூட்டற வரைக்கும் மீட்டர் ஓடும். பூட்டறதுக்குப் போனைத் தொடணும். மழையில நனைஞ்ச விரலுக்குப் போன் மரியாதை குடுக்காது மச்சான். சட்டையில துடைப்பே, சட்டையும் ஈரம். வேட்டியில துடைப்பே, அது அதுக்கு மேல ஈரம். பஜார் கடைக்காரராவது திட்டினா திருப்பித் திட்டலாம். பாரீஸ்ல 2007-ல இருந்து வெலிப்னு ஒரு வாடகை சைக்கிள் ஓடுதாம். அங்க வண்டி திரும்பி வரலைன்னா எடுத்துக்கறதுக்குன்னு கார்டுல 300 யூரோவுக்கு முன்னாடியே சம்மதம் வாங்கி வெச்சுக்கறாங்களாம். நம்ம துட்டுக்குச் சுமார் 30,000. புதுச்சேரிக்காரன் அவ்ளோ கேட்க மாட்டான். உன் அசல் ஆதார் கார்டை வாங்கி டிராயர்ல போட்டுக்குவான். சாயங்காலம் லாட்ஜு மாத்தலாம்னு நினைச்சா, அங்க என்னத்தைக் காமிப்பே? மூஞ்சியையா?

சரி, வண்டிக்கு வா. கடையில நிக்கிற வண்டியோட சீட்டைப் பாரு. ரெக்ஸின் கிழிஞ்சு, பழைய டியூப்பைக் கீத்து கீத்தா வெட்டிக் கட்டியிருப்பான். கையால தொட்டா காய்ஞ்சு இருக்கிற மாதிரிதான் தெரியும். ராத்திரி பெய்ஞ்ச மழையை உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு குடிச்சு வெச்சிருக்கும். நீ உட்கார்ந்ததும் அத்தனையும் உன்கிட்ட குடுத்துடும். முழு நாளும் அந்த ஈரத்தோட ஊரு சுத்திப் பாரு, அப்புறம் எந்தக் கோயில் மண்டபத்துல உட்கார்ந்து எழுந்தாலும் நீ இருந்த இடம் நாலு பேருக்குத் தெரியும்.

வேட்டி கட்டிக்கினு போவியோ பேண்ட் போடுவியோ, செயின் கருப்பு ஒட்டாம வராது. மழை செயின்ல இருக்கிற எண்ணெயைக் கழுவிக் கீழே விட்டுடும், அது உன் கரையில வந்து உட்காரும். சீமெண்ணெய் போட்டுத் துவைச்சாலும் நிழல் மாதிரி நிக்கும். வேட்டி விலை எவ்வளவுன்னு பில்லுல இருக்கு. அதைத் துவைக்கும்போது உன்னைக் கட்டிக்கின என் தங்கச்சி பேசுற பேச்சுக்கு எந்தக் கடையிலயும் பில்லு கிடையாது.

பிரேக்கு விஷயத்துல மட்டும் நான் விளையாடல. பழைய வண்டியில பளபளன்னு ஸ்டீல் ரிம்மு இருக்கும். காய்ஞ்சப்போ ரப்பர் கட்டை கப்புனு பிடிக்கும். நனைஞ்சா முதல் நாலஞ்சு சுத்துக்கு அது தண்ணியைத்தான் துடைச்சு விடும், அதுக்கு அப்புறம்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அந்த நாலஞ்சு சுத்துக்குள்ள எதிர்ல வந்த ஆட்டோ உன் மடியில இருக்கும். ரோட்டுல போட்ட வெள்ளைக்கோடு, சாக்கடை இரும்பு மூடி, உதிர்ந்து கிடக்கிற தூங்குமூஞ்சி இலை, இது மூணும் மழையில வழுக்கும். திரும்பும்போது அது மேல ஏத்தாதே. அப்புறம் அந்தக் குடை. உன்னை எனக்குத் தெரியும், இடது கையில குடையை விரிச்சுக்கினு வலது கையால ஓட்டுவே. நம்ம ஊர் வண்டியில வலது கைப் பிடி முன் சக்கரத்துக்கு. பயந்து போய் அதை மட்டும் இறுக்கினா வண்டி நின்னுடும், நீ நிக்க மாட்டே.

விழறவன் கையை ஊணித்தான் விழுவான். நம்ம வயசுல மணிக்கட்டு அதைத் தாங்காது. உடைஞ்சா எங்க ஊருக்கு வந்துடலாம்னு நினைச்சிருப்பே. புத்தூர் பக்கத்துலதான் இருக்கு, நகரி தாண்டினா போதும். பச்சிலை அரைச்சு, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வெச்சுத் துணியால கட்டி விடுவாங்க. தமிழ்நாடு பூரா போர்டுல எழுதி வெச்சிருக்கிற புத்தூர் கட்டு அந்த ஊர்ப் பேருதான். அவங்க கைராசியை நான் குறை சொல்லல. ஆனா முதல்ல ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடு. இடுப்பு எலும்புன்னா கட்டுன்னு பேச்சே எடுக்காதே, நேரா ஆபரேஷன் தியேட்டர்தான். நூத்தம்பது ரூபா வாடகைக்கு அந்தப் பில்லை எந்த நோட்டுல எழுதுவே, சொல்லு.

விழாமலே வந்தேன்னு வெச்சுக்கோ. முழங்கால் அளவு தண்ணியில தள்ளிக்கினு வந்திருப்பே. உனக்குச் சர்க்கரை இருக்கு, பாதத்துல முள்ளு குத்தினாலும் சில நாள் தெரியாது. தேங்கின தண்ணியில எலி மூத்திரம் கலந்திருந்தா அந்தக் கீறல் வழியாத்தான் எலிக்காய்ச்சல் உள்ளே போகும். ரூமுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைச்சு, என் தங்கச்சியை விட்டுப் பாதத்தைப் பார்க்கச் சொல்லு. நீ குனிஞ்சு பார்க்க முடியாதுன்னு நான் சொல்லல, அவ சொன்னா. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுக்கூட காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா டாக்டர்கிட்ட வெள்ளத் தண்ணியில நடந்ததை மறைக்காம சொல்லு.

பஞ்சரை மறந்துட்டேன் பாரு. மழையிலதான் பஞ்சர் அதிகம். ஈரமான டயர்ல கண்ணாடிச் சில்லும் முள்ளும் வழுக்கிக்கினு உள்ளே இறங்கும். அந்த நேரம் பார்த்து பஞ்சர் கடைக்காரன் கடையை மூடிட்டுப் போயிருப்பான், அவனுக்கும் மழைதானே. வண்டியைத் தள்ளிக்கினே வருவே. வாடகை ஓடிக்கினேதான் இருக்கும், தள்ளினா தள்ளுபடி கிடையாது.

சைக்கிள்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. 1990-கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கத்தோட சேர்ந்து ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கினு ஊரையே புரட்டிப் போட்டாங்க. அவங்களுக்கு அது தேவை. தண்ணிக்குப் போகணும், வேலைக்குப் போகணும். உனக்கு என்ன தேவை? போட்டோ எடுத்து குரூப்ல போடணும். அதைத் தை மாசம் போட்டா யாராவது லைக் போட மாட்டேன்னாங்களா? 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ புதுச்சேரியில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. கார்த்திகை முடியற வரைக்கும் அந்தப் பக்கத்து வானத்தை நம்பி நான் வத்தல்கூடக் காயப் போட மாட்டேன்.

போயே தீருவேன்னா ஒண்ணு பண்ணு. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடு, கடைக்காரன் பார்க்கிற மாதிரி எடு. ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுத் தள்ளிப் பாரு. டயரைக் கட்டைவிரலால அமுக்கு. மழை பெய்ஞ்சா கணக்கு எப்படின்னு வாயைத் திறந்து கேளு, கேட்டதைச் சீட்டுல எழுதச் சொல்லு. ஆதாருக்கு நகல்தான்னு கண்டிப்பா நில்லு. தூறல் விழுந்தா குடையை விரிக்காதே, இறங்கி ஓரமா நில்லு. கௌரவம் போகாது, அங்க உன்னை யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டா இந்த ஐப்பசிக்கு அம்பத்தூர்லயே இரு. இப்போ அது சென்னை ஜில்லாதானே. 60 வயசு தாண்டின சென்னைவாசிக்கு மாநகர பஸ்ல போக மாசம் 10 இலவச டோக்கன் 2016-ல இருந்து குடுக்கிறாங்க. என் தங்கச்சிக்கு அதுகூட வேணாம், 2021 மே மாசத்துல இருந்து சாதாரணக் கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி விட்டுக்கினு ரெண்டு பேரும் பீச்சுக்குப் போயிட்டு வாங்க. டோக்கன் வாங்க வயசுச் சான்று காமிக்கணும் மச்சான், அசல் ஆதாரைப் பத்திரமா வெச்சிரு.