ரேஞ்ச் ரோவரின் மும்மலங்கள்: துருவியல் நோக்கில் ஓர் ஆய்வு

சைவ சித்தாந்தம் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலம்) என முப்பொருள் வகுத்தது. மூன்றும் அநாதி. உயிரைப் பற்றிய ஆணவ மலம் இடையில் வந்து ஒட்டியதன்று, செம்பில் களிம்புபோல் உடன் உள்ளது என்பது அதன் முடிபு. இங்கிலாந்தின் சோலிஹல்லில் 1970 முதல் 1996 வரை உருவான ரேஞ்ச் ரோவரின் முதல் தலைமுறையை, இன்று ‘கிளாசிக்’ என்று அழைக்கப்படுவதை, ஒரு முறையேனும் கழற்றிப் பார்த்தவர் இம்முடிபை மறுக்கத் துணியார். ஆயினும் இவ்விரு துறைகளையும் ஒருசேர வைத்து ஆராய எவரும் முன்வரவில்லை. சித்தாந்திகள் ஸ்பேனர் பிடிப்பதில்லை. ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு நேரமில்லை. அக்குறையை நிரப்ப எழுந்ததே இக்கட்டுரை என்க.

முதற்கண் ஒரு வழக்கைத் தீர்த்தாக வேண்டும். உரிமையாளர் பதி, வண்டி பசு என்பது ஒரு சாரார் கொள்கை. மற்றொரு சாரார் உடன்படார். சனிக்கிழமை காலையில் வண்டி நிமிர்ந்து நிற்கிறது, உரிமையாளரோ அதன் அடியில் அட்டையை விரித்து மல்லாந்து கிடக்கிறார், இதில் கட்டுண்ட உயிர் எது என்பது அவர்கள் வினா. வலுவான வினாதான். எனினும் மலங்கள் வண்டியில் இருப்பதால், ஆய்வு வசதி கருதி வண்டியையே பசுவாகக் கொள்கிறோம். உரிமையாளரின் மலங்கள் தனி நூலுக்குரியன.

இனி ஆணவம். அஃதாவது துரு. இவ்வண்டியின் மேல்தகடுகளில் பெரும்பகுதி அலுமினியம். ‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்று சொல்லியே பலர் வாங்கினர். சொன்னது பொய்யன்று, அலுமினியத்துக்கு உள்ளே இருப்பது இரும்புச் சட்டம் என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் நுட்பம். பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். இரண்டு உலோகம், நடுவே உப்புநீர்: மின்கலம் தயார். அலுமினியம் வெண்பொடியாக உதிரும். வேறோரிடத்தில் இரும்பு, அதன் பங்குக்குச் செம்பொடியாக உதிரும். கதவைத் திறந்து அதன் அடிமடிப்பில் விரலை ஓட்டினால் திருநீறும் குங்குமமும் ஒருங்கே கிடைக்கும். முன்சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகடு, கால் வைக்கும் தரை, கதவடிச் சட்டம், பின்பக்கத் தரை ஆகியவையும் இம்மலத்தின் திருத்தலங்களே.

இது பிறவியிலேயே வந்ததா, வளர்ப்பில் வந்ததா? இங்கேதான் இவ்வாய்வின் மையக் கருத்து இருக்கிறது. ஸ்பென் கிங்கும் கார்டன் பாஷ்ஃபோர்டும் இவ்வண்டியை வடிவமைத்தபோது (தோற்றத்துக்கு மெருகேற்றியவர் டேவிட் பாஷ்) அது சொகுசு வண்டியே அல்ல. நாலு சக்கரத்துக்கும் நிரந்தர இயக்கம், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சேற்றிலும் குலுங்காத நீண்ட காயில் ஸ்பிரிங்குகள். இவ்வளவும் தந்துவிட்டு உள்ளே போட்டது வினைல் சீட்டும் ரப்பர் மேட்டும். கதவுகள் இரண்டே. வயலிலிருந்து வருகிறவர் உள்ளே ஹோஸ் பைப் வைத்துக் கழுவலாம். வந்த நீர் வந்த வழியே போகும். ஒளிக்க ஏதுமில்லை.

பிறகு வந்தது திரு. 1970களின் தொடக்கத்திலேயே பாரிஸின் லூவரில் தொழில்வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாக இதைக் காட்சிக்கு வைத்தார்கள். அருங்காட்சியகத்தில் நின்ற வண்டியில் ஆட்டுக்குட்டியை ஏற்ற மனம் வருமா? 1981இல் நாலு கதவு வந்தது. அதே ஆண்டு ‘வோக்’ என்னும் ஃபேஷன் பத்திரிகையின் பெயரோடு ஒரு பதிப்பும் வந்தது. படிப்படியாகத் தரைக்குக் கார்பெட், சீட்டுக்குத் தோல், கதவுக்கு வால்நட் மரப்பூச்சு, கூரைக்கு சன்ரூஃப். சன்ரூஃபின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்கும். ரப்பர் மேட் அதை அன்றே காட்டிக்கொடுத்திருக்கும். கார்பெட் காட்டிக்கொடுக்காது, குடித்துவிட்டு மாதக்கணக்கில் தரைத்தகட்டின்மேல் ஈரமாகப் படுத்திருக்கும். உரிமையாளர் வெதுவெதுப்பான தோல் சீட்டில் அமர்ந்து, காலடியில் தகடு கரைவதறியாமல் ஓட்டுவார். துரு பிறவியிலேயே வந்தது, ஆனால் சொகுசு கூடக் கூட அது கூடும் என்பதை இவ்வாய்வின் நூற்பாவாகக் கொள்ளலாம்.

இரண்டாம் மலம் கன்மம். முந்தைய உரிமையாளர் செய்த வினைகளின் தொகுதி இது. டாஷ்போர்டைக் கழற்றினால் எங்கும் போய்ச் சேராத ஒயர் ஒன்று, இன்சுலேஷன் டேப் சுற்றியபடி தொங்கும். அது என்றோ பிடுங்கப்பட்ட ரேடியோவினுடையதாகலாம், யாரோ மாட்டிய அலாரத்தினுடையதாகலாம். அறுக்கவும் அச்சம், விடவும் அச்சம். போல்ட்டுகள் இன்னொரு கதை. இவ்வண்டியில் அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கலந்தே இருக்கும். அதை அறியாத முன்னோர் ஒருவர் ஒன்றின் துளையில் மற்றதைச் சுத்தியலால் சம்மதிக்க வைத்திருப்பார்.

இன்ஜினுக்கோ முற்பிறவியே உண்டு. அமெரிக்காவில் ப்யூக் கார்களுக்கென வார்க்கப்பட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்ட அலுமினிய வி8 இது. 1965இல் ரோவர் அதன் உரிமையை வாங்கிக்கொண்டது. தொடக்கக் கொள்ளளவு 3,528 சிசி. நல்ல இன்ஜின்தான், ஒரே நிபந்தனை, ஆயிலைக் காலத்தில் மாற்ற வேண்டும். மாற்றாதவருக்குத் தண்டனை உடனே வராது. கேம்ஷாஃப்டின் மேடுகள் மெல்ல மெல்லத் தேயும், இழுவை சிறுகச் சிறுகக் குறையும், உரிமையாளர் இன்ஜினை ஐயுறாமல் சாலையின் மேட்டின்மீது பழிபோடுவார். செய்தவர் ஒருவர், நுகர்பவர் மற்றொருவர் என்ற இடத்தில் மட்டும் நம் கோட்பாடு சித்தாந்தத்தோடு முரண்படுகிறது. முரணைத் தீர்க்க வழி தெரிந்தவர்கள் பெரும்பாலும் வண்டியை விற்றுவிட்டார்கள்.

மூன்றாவது மாயை. 1992இல் காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றாகக் காற்றுப்பைகள் சில வண்டிகளில் புகுந்தன. கம்ப்ரஸர், காற்றுத் தொட்டி, வால்வுகள், உயரம் அளக்கும் சென்ஸார்கள், இவற்றை ஆளும் கணினிப் பெட்டி ஒன்று. வேகமாக ஓடினால் வண்டி தானே தாழும்; பட்டனை அழுத்தினால் எழும். ரப்பர் பைகளில் வெடிப்பு விழுந்தபின் பட்டன் தேவைப்படாது. மாலையில் ஓங்கி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை தணிந்து நிற்கும். உள்ளதா இல்லதா என்று சொல்ல முடியாத பழுதுகளும் இவ்வகையே: விளக்கு எரியும், மெக்கானிக் வந்ததும் அணையும், அவர் தெரு திரும்பியதும் மீண்டும் எரியும். பலர் இம்மாயையைத் துறந்து 1970இன் காயில் ஸ்பிரிங்கையே திரும்பப் பொருத்திக்கொள்கிறார்கள். அதற்கென்றே உதிரித் தொகுப்பு விற்கிறது.

ஆயில் கசிவை நான்காம் மலமாகச் சேர்க்க வேண்டும் என்பாரும் உளர். அது பொருந்தாது. கசிவு மலமன்று, அறிகுறி. தரையில் கறுப்பு என்றால் இன்ஜின். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கந்தக நாற்றம் வீசினால் ஆக்ஸில். கசிவே இல்லையென்றால்தான் கலங்க வேண்டும், உள்ளே ஆயில் தீர்ந்திருக்கும் என்பது பிரிட்டிஷ் உரிமையாளர்களிடையே வழங்கும் பழைய வேடிக்கை. இவ்வாய்வாளர் அதை வேடிக்கையாகக் கருதவில்லை.

எஞ்சியது முத்தி. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்கும் என்பர் சித்தாந்திகள். வெல்டிங் செய்து, பள்ளங்களுக்குள் மெழுகு பாய்ச்சி, துத்தநாகம் பூசிய சேஸிஸைப் பொருத்தியவர்களின் அனுபவமும் அதுவே. அரசின் நிலை மட்டும் சற்று வேறு. பிரிட்டனில் 2018 மே முதல், 40 வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனையான எம்ஓடி கட்டாயமில்லை. பரிசோதிக்க வேண்டிய வயதில் விலக்கு அளிப்பதன் தத்துவம் இவ்வாய்வாளருக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: கடந்த 30 ஆண்டுகளில் வண்டியைப் பெரிதும் மாற்றியமைத்திருக்கக் கூடாது. பழைய சேஸிஸுக்குப் பதில் அதே வகைச் சேஸிஸ் போட்டால் குற்றமில்லை. சஸ்பென்ஷனின் வகையையே மாற்றி, பிறந்ததைவிட நல்ல வண்டியாக்கினால் விலக்குப் போய்விடக்கூடும். ஆகவே விவரமறிந்த உரிமையாளர் பழுதைப் பார்க்கும்போதே, ஒருவேளை நன்றாக அமைந்துவிடுமோ என்ற கவலையோடுதான் பார்க்கிறார்.