ஐந்து மில்லியன் டாலர் கமா

கேள்வி: ஆங்கிலத்தில் பட்டியல் போட்டு எழுதும்போது கடைசி 'அண்ட்', 'ஆர்' சொற்களுக்கு முன்னால் கமா தேவையா?

பதில்: அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பால் வண்டி ஓட்டுநர்களைக் கேளுங்கள். அங்கே ஒரு சட்டத்தில் அந்தக் கமா இல்லாததுதான் அவர்களுக்கு லாபமாயிற்று! கெட்டுப்போகும் உணவுப்பொருள் சார்ந்த சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்றது அந்த மாநிலச் சட்டம். அந்தப் பட்டியலின் முடிவில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்றிருந்தது. 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. விநியோகம் தனி வேலை, அதற்கு ஓவர்டைம் இல்லை என்றது ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனம். "அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுவதைத்தான் சட்டம் சொல்கிறது, நாங்கள் கட்டுவதில்லை, ஓட்டுகிறோம்" என்பது ஓட்டுநர்கள் வாதம். வாசகம் இரு பொருள் தருகிறது என்று சொல்லி, 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொழிலாளர் பக்கமே நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம். சட்டமன்றமோ பட்டியல் முழுக்க செமிகோலன் போட்டுத் திருத்திவிட்டது!

பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் இந்தக் கமாவை விட்டுவிடும். ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் போடும். நீங்கள் போடுங்கள், ஒப்பந்தப் பத்திரமென்றால் கட்டாயம் போடுங்கள். ஆனால் பட்டியலே இல்லாத இடத்தில், எழுவாய் நீளமாக இருக்கிறதே என்று மூச்சு வாங்க வினைச்சொல்லுக்கு முன்னால் மட்டும் ஒரு கமாவை வைக்காதீர்கள்.