ஒன்பதரை மணிக்குக் கரண்ட் கட்

போனில் ஏமாற்றிப் பிழைப்பவனுக்கு மூலப்பொருளே நம் அவசரம்தான். ஜவ்வாது மலையில் சாமை விளையும், புளி விளையும், பலா விளையும். அவசரம் மட்டும் விளைந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே போனால், போன் பேசுவதற்கென்றே ஊருக்கொரு பாறை இருக்கும். காவலூர் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருக்கும் அண்டமெல்லாம் அகப்படுகிறது. அதே மலையில் நம் போனுக்கு ஒரு கோடு சிக்னல் அகப்படாது.

2022இல் தமிழ்நாடு முழுக்க ஒரு குறுஞ்செய்தி சுற்றியது. போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும் என்று. கூப்பிட்டால், பத்து ரூபாய் மட்டும் கட்டுங்கள் என்பார் அதிகாரி. அதற்கு ஒரு செயலியை இறக்கச் சொல்வார். அது நம் போன் திரையை அப்படியே அவருக்குக் காட்டிவிடும். பத்து ரூபாய்க்காக நாம் தட்டிய விவரத்தை வைத்து மிச்சத்தை அவரே வழித்துக்கொள்வார். ஏ.சி. ஓடுகிற வீடுகளில் இந்த மிரட்டல் நன்றாகவே எடுபட்டது.

மலைமேல் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாறையில் இருந்தபோது அவளுக்கு அது அழைப்பாகவே வந்தது. முந்தின நாள் காற்றில் கம்பிமேல் மரம் விழுந்து ஊரே இருட்டு.

"மேடம், ஈபி ஆபீஸ்லருந்து பேசறேன். இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு உங்க கரண்ட்டைக் கட் பண்றோம்."

"நேத்து போன கரண்டே இன்னும் வரலியே சாமி. அத மொதல்ல குடுத்துட்டு அப்பறம் கட் பண்ணு."

"மேடம், அவசரம். உடனே ஒரு ஆப்..."

"அவசரம்னா மரம் வெட்ட ரெண்டு ஆளக் கூட்டிக்கினு வா. கொடுவா எங்கிட்டயே கீது."

அவன் திணறினான். பெரியம்மா விடவில்லை. "கொம்புத்தேன் கீது, வேணுமா? அட்வான்ஸ் போட்டு வுடறியா?" என்றாள். லைன் அப்போதே துண்டிக்கப்பட்டது, ஒன்பதரைக்கு வெகு முன்பாகவே.

அன்றைக்கு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு இந்த மின்கட்டண மோசடி பற்றி வீடியோ போட்டு எச்சரித்தார். அவர் பதவியில் இருந்தபோதே அவர் படத்தை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் காசு கேட்டது இன்னொரு கும்பல். (போலீஸ் உத்தியோகத்துக்கு இவ்வளவு துணிச்சலுள்ள ஆட்கள் விண்ணப்பிக்காமல் போனது நமக்கு நஷ்டம்தான்.)

அடுத்து வந்தது டிஜிட்டல் கைது. வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் காவல் நிலையம் போல ஒரு செட். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், கேமராவை அணைக்காமல் உட்காருங்கள், யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நம் சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரே இதைச் சொன்னார். மலைக்காரரை இப்படிக் கைது செய்வதானால் முதலில் அவரைப் பாறைமேல் ஏற்ற வேண்டும். வெயில் ஏறினால் கைதி கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போய்விடுவார். நெட் பேக் தீர்ந்தால் விடுதலை.

பணம் போய்விட்டதென்றால் மட்டும் பாறைக்கு ஓடத்தான் வேண்டும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொன்னால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. மறுநாள் சந்தைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தால் கதை முடிந்தது.

இப்போது டவர் மெல்ல மலையேறி வருகிறது. கூடவே போனில் கல்யாணப் பத்திரிகையும் வருகிறது. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகையே இல்லை, செயலி. நிறுவிவிட்டால் உள்ளே உட்கார்ந்து நம் ஓடிபிகளைப் படித்து எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கும். பெரியம்மாவின் பேரனுக்கு அப்படி ஒன்று வந்தது. பையன் அதன்மேல் விரலைக் கொண்டுபோகும்போது பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"யார் ஊட்டுக் கல்யாணம்டா?"

"தெரில ஆயா."

"வெத்தல பாக்கு வெச்சாங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குடா தொறக்கற? மொய் மிச்சம்னு வுடு."