மந்திரவாதியை அடக்குகிறேன் என்று என்னை ஏன் ஐயா அடிக்கிறீர்கள்?

அனுப்புநர்:
பதினோராம் லெவல் ஃபைட்டர்,
முன்வரிசை, நிலவறை இரண்டாம் தளம்.

பெறுநர்:
உயர்திரு டஞ்சன் மாஸ்டர் அவர்கள்,
அட்டைத் திரைக்குப் பின்புறம், மேசையின் தலைமாடு.

பொருள்: மந்திரவாதிகளைக் கட்டுக்குள் கொண்டுவரத் தாங்கள் பிறப்பித்த ஹவுஸ் ரூல்களால் வாள்வீரருக்கு நேர்ந்த பாதிப்பு – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: முந்தைய ஆட்டமொன்றில் பீட்சா வந்த இடைவெளியில் தாங்கள் வாய்மொழியாக அறிவித்த விதிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதற்கண் நன்றி. நம் குழுவில் மந்திரவாதியின் கை ஓங்கிவிட்டதை ஒருவழியாகக் கவனித்தீர்கள். அன்று அவர் கண்ணுக்குத் தெரியாமல் காவலரைக் கடந்தார். கருவூலப் பூட்டை ஒரே மந்திரத்தில் திறந்தார். அந்த மந்திரத்துக்கு 300 அடி வரை கேட்கும் சத்தம் உண்டு. ஆனால் காவலர் ஓடிவருவதற்குள் அரசரின் மனதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே பறந்து வந்துவிட்டார். பூட்டுத் திறப்பதையே பிழைப்பாகக் கொண்ட நம் திருடரும் நானும் வெளியே குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் தங்களுக்கு உறைத்தது. பத்து லெவல் தாமதம், ஆனாலும் நன்றி.

ஆட்டம் அறியாதவர் யாரேனும் இம்மனுவைப் படிக்க நேரலாம் என்பதால் ஒரு விளக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் நான் ஒரு தாளில் எழுதப்பட்ட ஆள். என்னை ஆட்டுவிப்பவர் மேசையருகே அமர்ந்து பகடை உருட்டுகிறார். அரக்கர்கள், வானிலை, விலைவாசி, நீதி நியாயம் யாவும் டிஎம் எனப்படும் தங்கள் கையில். அச்சிட்ட விதிநூலையும் தாங்கள் நினைத்தால் மாற்றலாம். மேல்முறையீடு கிடையாது. ஆகவேதான் இந்தப் பகிரங்கக் கடிதம்.

தாங்கள் முதலில் அறிவித்தது ஃபம்பிள் விதி. இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும், அல்லது பக்கத்தில் நிற்கும் தோழரை வெட்டும். “எல்லாருக்கும் பொதுவான விதி, மந்திரவாதிக்கும் சேர்த்து” என்று தாங்கள் அறிவித்தபோது நான் கைதட்டினேன். பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மந்திரவாதி ஃபயர்பால் என்னும் நெருப்புப் பந்தை எறியும்போது குறி தப்புமா என்று பார்க்கப் பகடையே உருட்டுவதில்லை ஐயா. உருட்டித் தப்பிக்க வேண்டியது எரிகிறவன் பாடு. சேதத்துக்காக எட்டு ஆறுமுகப் பகடைகளை மந்திரவாதி உருட்டுவார். எட்டிலும் 1 விழுந்தாலும் அவர் தாடியில் ஒரு மயிர் கருகாது. (அந்த எட்டே அதிகம். மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு ஆறு பகடை என்று 2014இல் வந்த டிஎம் கையேட்டின் அட்டவணையே சொல்கிறது. ஃபயர்பாலுக்கு மட்டும் இரண்டு பகடை சலுகை.)

நானோ என் முறை வரும்போது மூன்று தரம் வாள் வீசுகிறேன். பதினோராம் லெவலுக்கு உழைத்து ஏறியதற்கான பரிசு அது. மூன்று வீச்சில் ஒன்றிலாவது 1 விழும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று. ஒரு சுற்று என்பது ஆறு நொடி. ஆக, சண்டை தொடங்கினால் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை என் வாள் தரையில் கிடக்கும். நேற்று வரை ஏர் பிடித்துவிட்டு இன்று வாள் பிடித்த முதல் லெவல் பையன் ஒரே தரம்தான் வீசுகிறான். அவனுக்கு இருபதுக்கு ஒன்று. வித்தையில் தேறத் தேற வாள் நழுவுவது கூடுகிறது. இருபதாம் லெவலில் எனக்கு நான்கு வீச்சு. உலகின் தலைசிறந்த வாள்வீரன் என்று பாணர்கள் பாடும் அந்த நாளில், ஐந்தாறு முறைக்கு ஒருமுறை குனிந்து வாளைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். மந்திரவாதியை அடக்கவென்று போட்ட விதி இது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

அடுத்தது ஓய்வு விதி. தங்கள் நோயறிதலில் பிழையில்லை. ஒரு குழு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல்களைத் தாங்கும் என்பது அதே 2014 டிஎம் கையேட்டின் கணக்கு. நம் மேசையில் நடப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதிலேயே மந்திரவாதி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, உச்சிப்பொழுதில் கொட்டாவி விட்டு, “இன்றைக்கு இது போதுமே” என்பார். தூங்கி எழுந்தால் மந்திரம் சொல்வதற்கான பதினாறு ஸ்பெல் ஸ்லாட்டும் நிரம்பியிருக்கும். இதைத் தடுக்கக் கையேட்டிலேயே உள்ள மாற்று விதியைக் கொண்டுவந்தீர்கள்: சிறு ஓய்வு எட்டு மணி நேரம், பெரு ஓய்வு ஏழு நாள்.

நல்லது. எனக்கு ‘செகண்ட் விண்ட்’ என்றொரு திறமை உண்டு. சண்டைக்கு நடுவே மூச்சைப் பிடித்துக் கொஞ்சம் உயிர் தேற்றிக்கொள்வது. 2014 விதிப்படி, ஒருமுறை பயன்படுத்தினால் சிறு ஓய்வாவது எடுத்த பிறகே மறுபடி கிடைக்கும். தங்கள் ஆணைப்படி இப்போது ஒரு மூச்சு வாங்க நான் ஓர் இரவு முழுக்கத் தூங்க வேண்டும். ஸ்லாட் என்று எனக்குத் தனியாக எதுவும் கிடையாது; என் உயிர்க்கணக்கான ஹிட் பாயிண்ட்தான் என் கையிருப்பு. முன்வரிசையில் நிற்பவன் என்பதால் எல்லாருக்கும் முன்னால் தீர்வது அதுதான். ஆகவே ஏழு நாள் விடுதிக் கட்டிலில் நானும் படுத்தேன். மந்திரவாதி அந்த ஏழு நாளும் கூடத்தில் அமர்ந்து புது மந்திரங்களைத் தம் ஏட்டில் நகலெடுத்தார். மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மணி நேரம், ஐம்பது பொற்காசு. விடுதியை விட்டுக் கிளம்பும்போது அவர் கூடுதல் மந்திரங்களோடு வந்தார். நான் புதுக்கட்டோடு வந்தேன். வழியில் அவருக்கு ஸ்லாட் தீர்ந்தாலும் குறையில்லை, நெருப்பம்பு போன்ற சில்லறை மந்திரங்களை நாள் முழுக்க எறியலாம், கணக்கே கிடையாது.

மந்திரப் பொருள்களை இனி எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டீர்கள். விதிநூல்படி இருபத்தைந்து பொற்காசுக்கு ஒரு பை வாங்கிவிட்டால் விலை குறிக்காத பொருள்கள் அத்தனையும் அதில் அடக்கம். தாங்கள் அதை ரத்து செய்தீர்கள். ஃபயர்பாலுக்கு வேண்டியவை கந்தகமும் வௌவால் எச்சமும். வௌவால் குகைச் சுவரில் ஏறுவதற்கு உடல்வலு வேண்டும். குழுவில் வலு மிகுந்தவர் யார் என்று தாங்களே என் தாளைப் பார்த்துப் படித்தீர்கள். ஓர் ஆட்டம் முழுவதும் நான் எச்சம் சுரண்டினேன். மூட்டையைச் சுமந்ததும் நான்தான். சுமைக்கணக்கு விதியையும் தாங்கள் அன்றே அமல்படுத்தியிருந்ததால், எச்சத்துக்கு இடம் வேண்டி என் ஈட்டியை விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்துத் தாங்கள் அமைத்த, மந்திரம் செல்லாத கோயில் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அங்கே நுழைந்ததும் மந்திரவாதி வாயை மூடிக்கொண்டார், உண்மை. என் மந்திர வாளும் மந்திரக் கேடயமும் அதே நொடியில் வெறும் இரும்பாயின. எங்களைத் தாக்க ஒன்பது பேர் வந்தார்கள். அடி வாங்கியவர் பெயரைத் தாங்கள் அறிவீர்கள்.

ஆட்டத்தில் எழுதாத விதி ஒன்றும் உண்டு. என் உண்மையான குறை அதுதான். இருபது அடிப் பள்ளத்தை ஓடிவந்து தாண்டுகிறேன் என்றேன். என் வலிமை 20. அத்தனை அடி தாண்டலாம் என்று விதிநூல் சொல்கிறது, பகடையே வேண்டாம். தாங்கள் நெற்றியைச் சுருக்கி, “முழு இரும்புக் கவசத்தோடா? யதார்த்தமாக இல்லையே” என்று பகடை உருட்டச் சொன்னீர்கள். 1 விழுந்தது. மந்திரவாதி பறந்தார். பத்து நிமிடம், சுற்றுக்கு அறுபது அடி. அதில் யதார்த்தம் இருக்கிறதா என்று கேட்கத் தங்களுக்குத் தோன்றவில்லை. மந்திரம் என்று சொல்லிவிட்டால் கேள்வி இல்லை. தசை என்று சொன்னால் மட்டும் தாங்கள் உடனே இயற்பியல் வாத்தியார் ஆகிவிடுகிறீர்கள்.

எங்கள் பிரிவின் பணி வரலாற்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது இருந்தவை மூன்றே பிரிவுகள். பட்டியலில் முதல் பெயர் எங்களுடையது. மந்திரத்தைச் சொன்னதும் அது மனதிலிருந்து அழிந்துவிடும் என்ற கட்டுப்பாட்டை ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்துவந்தார்கள். 1978ஆம் ஆண்டு விதிநூலில் முதல் லெவல் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம். உயிருக்கு ஒரு நான்குமுகப் பகடை. ஓதும்போது அடி விழுந்தால் மந்திரம் போச்சு. அதனால் அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார், மரியாதையாகவும் பேசினார். ஒன்பதாம் லெவலில் நாங்கள் கோட்டை கட்டலாம், படையாட்கள் தேடிவருவார்கள், குடிகளிடம் வரி வாங்கலாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கோட்டை பறிபோனது. மந்திரவாதிகளுக்கு இருந்த தளைகளும் அதோடு தளர்ந்தன. 2008இல் நான்காம் பதிப்பு எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே அச்சில் வித்தைகளை வார்த்தது. முதல் லெவல் வீரனுக்கும் நாளுக்கொரு பெருவித்தை. உடனே எழுந்தது கூச்சல்: எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்களாம்! பலர் பழைய விதிகளின் வழிவந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். என் கருத்து இது: அந்தப் பதிப்பின் குறைகள் எத்தனையோ இருக்கலாம், ஆனால் பலருக்குப் பொறுக்காதது நாங்கள் சமமாக உட்கார்ந்ததுதான். 2024 பதிப்பில் ஆயுதத் தேர்ச்சி என்று தள்ளவும் இடறிவிடவும் சில உத்திகள் தந்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டோம். ஆனால் அதுவும் சண்டைக்குள்தான். சண்டை முடிந்ததும் நான் மறுபடி குதிரை பிடிப்பவன்.

ஆகவே ஐயா, மந்திரவாதியிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். அவரிடமிருந்து பிடுங்கும் ஒவ்வொன்றும் சுற்றி வந்து என் தலையில்தான் விழுகிறது. உதாரணம் வேண்டுமென்றால், 2012இல் வந்த டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ் என்ற ஆட்டத்தின் விதிநூலைப் புரட்டிப் பாருங்கள். அங்கே மந்திரவாதி ஒவ்வொரு மந்திரத்துக்கும் பகடை உருட்டுகிறார், தவறினால் உடம்பே உருமாறலாம். வீரனோ அடியோடு சேர்த்து “கண்ணைக் குருடாக்குகிறேன், காலை வாருகிறேன்” என்று ஒரு சாகசத்தை அறிவிக்கிறான். அதற்கென்று தனிப் பகடையும் வைத்திருக்கிறான். அங்கே அவருக்கு அபாயம் இருக்கிறது, எனக்கு வேலையும் இருக்கிறது.

இவற்றைக் கருணையுடன் பரிசீலித்து, ஃபம்பிள் விதியை உடனே ரத்து செய்யவும், ஒன்பதாம் லெவலில் எனக்குச் சேரவேண்டிய கோட்டையையும் ஆட்களையும் நிலுவையோடு வழங்கவும், அரசவையில் நான் பேசினால் பழைய போர்வீரர்கள் எழுந்து நிற்கும்படி செய்யவும் வேண்டுகிறேன். அடுத்த பள்ளத்தை நான் தாண்டுகிறேன் என்று சொல்லும்போது, தயவுசெய்து தாண்டவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதினோராம் லெவல் ஃபைட்டர்