மாற்றுத்திறனாளி ஆய்வு மாணவியை ஆதரிப்பது எப்படி? துறைத் தலைவர்களுக்குச் சில யோசனைகள்

உங்கள் துறையில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவர் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாரா? வாழ்த்துகள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. ஒதுக்கியாயிற்று. இனிச் செய்ய வேண்டியவை இவை.

1. விழா எடுங்கள்

டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். அன்று அவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். மேடைக்குப் படிதான் இருக்கிறது என்றால் துணைவேந்தரே இறங்கி வந்து போர்த்தட்டும். புகைப்படம் இன்னும் உருக்கமாக விழும். பேச்சில் ஸ்டீபன் ஹாக்கிங்கை விட்டுவிடாதீர்கள். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1963இல், அவருக்கு நோய் கண்டறியப்பட்டது. 1966இல் முனைவர் ஆனார். ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று முடியுங்கள். மார்க்கத்தில் சாய்தளம் உண்டா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

2. சாய்தளம் கட்டுங்கள்

ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி. அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஒப்பந்ததாரர் 4 அடியிலேயே முடித்துத் தருவார். அடியில் இரண்டு பைக்கும் உச்சியில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியும் இருந்தால் யாரும் ஏறி விழமாட்டார்கள். பாதுகாப்பும் ஆயிற்று.

3. கழிப்பறையைப் பூட்டி வையுங்கள்

பொதுக் கட்டடங்களை 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்றது சட்டம். விதிகள் வந்தது 2017இல். கெடு 2022இலேயே முடிந்துவிட்டதால் இனி அவசரமில்லை. கதவில் சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டுங்கள். உள்ளே பழைய விடைத்தாள் மூட்டைகளை அடுக்குங்கள். சாவி, எப்போதும் ‘இப்பத்தான் வெளிய போனார்’ என்று சொல்லப்படும் ஊழியரிடம் இருக்கட்டும். மாணவி காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டப் பழகிவிடுவார். அதைத் தன்னம்பிக்கை என்று பாராட்டலாம்.

4. தூக்கிவிடுங்கள்

ஆய்வுக் குழுக் கூட்டம் வழக்கம்போல இரண்டாம் மாடியில்தான். லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும், அதுவும் பழுது.

“பாப்பா, நாங்க நாலு பேர் இருக்கோம். அலுங்காம தூக்கிட்டுப் போயிடுவோம்.”

“அண்ணே, கூட்டத்தைக் கீழ் ரூம்ல வச்சா நானே வந்துடுவேனே.”

“அதுக்கு செக்‌ஷன்ல லெட்டர் குடுக்கணும் பாப்பா.”

கவனித்தீர்களா? ஆளைத் தூக்கக் கடிதம் தேவையில்லை.

5. தலைப்பை மாற்றுங்கள்

அவர் பாலைத்திணையை ஆராய வந்திருப்பார். “உனக்குத்தான் அனுபவம் இருக்கேம்மா, ‘தற்கால நாவல்களில் மாற்றுத்திறனாளிகள்’னு மாத்திக்கோயேன்” என்று அன்பாகச் சொல்லுங்கள். பாலையைப் பாட யாரும் பாலைவனத்தில் பிறக்கவில்லை என்று அவர் பதில் சொன்னால், கோபம் அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. சலுகையை நினைவூட்டுங்கள்

யுஜிசியின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்கு 6 ஆண்டு. மறுபதிவில் இன்னும் 2 ஆண்டு. 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு உள்ளவர்களுக்கு அதற்கும் மேல் 2 ஆண்டு. இதை அடிக்கடி சொல்லிக்காட்டுங்கள். இதில் எத்தனை மாதம் சாவிக்கும் லிஃப்டுக்கும் காத்திருந்தே கழிந்தது என்ற கணக்குக்குள் போக வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புது மருத்துவச் சான்றிதழ் கேளுங்கள். நிரந்தரக் குறைபாடு என்று அடையாள அட்டையிலேயே இருக்கலாம். ஆனாலும் கோடை விடுமுறையில் சரியாகியிருந்தால்?

7. அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள்

மேற்சொன்ன அனைத்தையும் கெடுத்துவிடக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “உனக்கு என்னம்மா வேணும்?” கேட்டால் சொல்லிவிடுவார். கூட்டம் கீழ்த்தளத்தில், கழிப்பறைச் சாவியில் ஒன்று தன் கையில், நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் ஒரு மேசை, நூலகத்தில் மேலடுக்குப் புத்தகத்தை எடுத்துத் தர ஓர் ஆள். நான்கும் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. முடிந்தால், அவரும் எல்லா ஆய்வு மாணவர்களையும் போல நேரே உங்கள் அறைக்கு வந்து, ஆறு மாதமாக உங்கள் மேசையில் கிடக்கும் தன் இரண்டாம் இயலை எப்போது திருத்தித் தருவீர்கள் என்று கேட்பார்.

அதற்கு ஏதாவது பதில் வைத்திருக்கிறீர்களா?