அண்ணன் ஜெயித்தால் அதிசயம், தங்கை ஜெயித்தால் அக்கிரமம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பீச் பழக்கூடைகள் இரண்டை மேலே ஆணியடித்து மாட்டினார். பையன்கள் முட்டி மோதிப் புரண்டு எழுந்தார்கள். கூடைப்பந்து பிறந்தது.

அடுத்த ஆண்டே பக்கத்து ஊர் ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆனால் அந்தக் காலத்தில், அதிகம் ஓடினால் பெண்களுக்கு நரம்பு தளர்ந்துவிடும் என்று பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். அதனால் களத்தை மூன்று பங்காக்கி, அவரவர் பங்குக்குள்ளேயே ஆட வேண்டும் என்றார்கள். எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது. 1893-ல் நடந்த முதல் போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆண்கள் பின்னாளில் தாமாகவே பார்க்காமல் இருந்து அந்த மரபைக் காப்பாற்றினார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டோர்ஸ் கிராமம். அங்கே 1881-ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது கனெக்டிகட் பல்கலைக்கழகமாக வளர்ந்து, இன்று சுருக்கமாக யூகான் என்று அழைக்கப்படுகிறது. மாட்டுக்கொட்டகை உண்டு, அந்த மாடுகளின் புண்ணியத்தில் பிரமாதமான ஐஸ்கிரீம் உண்டு. ஆண்கள் கூடைப்பந்து அணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே களமிறங்கிவிட்டது. பெண்கள் அணிக்கு முறையான அங்கீகாரம் கிடைத்தது 1974-ல். அதுவும் கல்வியில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-ல் சட்டம் வந்த பிறகு. இந்த வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் எழுபது வயதுக்கு மேல் இடைவெளி.

அண்ணன் அதற்குள் பெரிய அரங்குகளில் ஆடப் போய்விட்டார். 1978 ஜனவரியில் ஹார்ட்ஃபோர்ட் நகர அரங்கில் ஆண்கள் அணி ஆடி முடித்துச் சில மணி நேரத்தில், பனியின் பாரம் தாங்காமல் கூரை முழுசாக இடிந்து விழுந்தது. எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருந்ததால் யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

1985-ல் ஜீனோ ஆரியெம்மா பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். இத்தாலியில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா வந்தவர். வாய் கொஞ்சம் நீளம். அதுவரை தோல்வியைவிட அதிக வெற்றி பார்த்த பருவம் அந்த அணிக்கு ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஆண்டு ஆண்கள் அணிக்கு ஜிம் கால்ஹூன் வந்தார். இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த ரகசியம். சண்டைக்குச் செலவிட்டது போக மிஞ்சிய நேரத்தில் இருவரும் கோப்பைகளைக் குவித்தார்கள்.

முதலில் முந்தியது தங்கை. 1995-ல் ஆடிய 35 ஆட்டத்திலும் வெற்றி, தேசியக் கோப்பை. அண்ணனுக்கு முதல் கோப்பை 1999-ல்தான். 2004-ல் ஏப்ரல் 5 அன்று ஆண்கள் ஜெயித்தார்கள், 6 அன்று பெண்கள். ஒரே ஆண்டில் இரண்டு கோப்பையும் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனது அதுவே முதல் முறை.

2013-ல், படிப்பு சரியில்லை என்று தேசியப் போட்டிக்கே வரக் கூடாதென ஆண்கள் அணிக்குத் தடை போட்டார்கள். மறு ஆண்டு அதே அணி, தன் பிரிவின் தரவரிசையில் ஏழாம் இடத்தில் நுழைந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அதிசயம் என்றது ஊர். மறுநாளே பெண்கள் அணி 40 ஆட்டத்தில் 40 வெற்றியோடு கோப்பை வாங்கியது. ஓஹோ, வழக்கம்போலவா என்று கொட்டாவி விட்டது அதே ஊர்.

கொட்டாவி போய்க் கோபம் வந்தது 2016-ல். பெண்கள் அணி மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணியை 98-38 என்று அடித்தபோது, பாஸ்டன் பத்திரிகையாளர் ஒருவர், இவர்கள் பெண்கள் கூடைப்பந்தையே கொல்கிறார்கள் என்று எழுதினார். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு ஆண்டில் பத்துக் கோப்பை வாங்கிய யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஜான் வுடனுக்கு இதே நாடு மந்திரவாதி என்று பட்டம் கொடுத்திருந்தது. ஆண் அள்ளினால் மந்திரம், பெண் அள்ளினால் கொலைக் குற்றம்!

கொலையுண்டதாகச் சொல்லப்பட்ட ஆட்டம் மறு வருடமே துள்ளி எழுந்தது. தொடர்ந்து 111 வெற்றி கண்டிருந்த யூகான் பெண்களை அதே மிசிசிப்பி ஸ்டேட், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் போட்ட பந்தால் 66-64 என்று வீழ்த்தியது. 98-38 வாங்கியவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை, பயிற்சி செய்திருந்தார்கள்.

2023-லும் 2024-லும் ஆண்கள் அணி அடுத்தடுத்துக் கோப்பை வாங்கியது. அந்த இரண்டு தேசியப் போட்டிகளின் பன்னிரண்டு ஆட்டத்திலும் குறைந்தபட்ச வித்தியாசம் 13 புள்ளி. 2024-ல் இலினாய் அணிக்கு எதிராக, அவர்களை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் வரிசையாக 30 புள்ளி எடுத்தார்கள். 2025-ல் பெண்கள் வாங்கியதையும் சேர்த்தால் தங்கை கணக்கில் 12 கோப்பை, அண்ணன் கணக்கில் 6. அந்த இலினாய் ஆட்டத்தால் ஆண்கள் கூடைப்பந்து செத்துப்போனதாக எந்தப் பத்திரிகையிலும் இரங்கல் செய்தி வந்ததாகத் தெரியவில்லை.