ஆடி மாத ஆப்பிரிக்கா

காசிக்குப் போய் வந்தவர், அங்கே ஒரு காயை விட்டுவிட்டு வந்ததைச் சொல்லிச் சொல்லியே மீதிக் காலத்தை ஓட்டினார். சிங்கப்பூர் போய் வந்தவர் தெருவுக்கே கோடாலித் தைலம் கொடுத்தார். அமெரிக்காவில் பேரனைப் பார்த்துவிட்டு வந்தவர் ஆளுக்கு இரண்டு சாக்லெட்டும், அங்கே ரோட்டில் ஹாரன் சத்தமே கேட்காது என்ற தகவலும் கொடுத்தார். இவர்களெல்லாம் நல்லவர்கள். கொடுத்துவிட்டுப் பேசினார்கள். இப்போது கிளம்பியிருக்கும் புது இனம் ஒன்றும் கொடுப்பதில்லை. செல்போனை நீட்டி, "இத பாருங்க, நாலே நிமிஷம்" என்கிறது. இவர்தான் சஃபாரி போய் வந்தவர்.

இந்த இனத்துக்கு வாலாஜாபாத்தில் அசல் மாதிரி ஒருவர் உண்டு. வீடு இங்கே. தறி ஓடுவது அய்யம்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும். கடை காஞ்சிபுரத்தில். நேற்றுவரை ஊருக்கு வெறும் 'முதலாளி'யாக இருந்தவர், கென்யாவின் மாசாய் மாரா சரணாலயம் போய் வந்த நாளிலிருந்து 'சஃபாரி முதலாளி' ஆகிவிட்டார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை. விசிட்டிங் கார்டில் போடலாமா என்று மகனைக் கேட்டார்.

பட்டு வியாபாரிக்கு ஆண்டில் மூச்சுவிட ஒரு மாதம் உண்டென்றால் அது ஆடி. முகூர்த்தம் கிடையாது, கூறைப் புடவைக்கு ஆள் வராது, தள்ளுபடிக் கூட்டத்தை மகன் பார்த்துக்கொள்வான். டான்சானியாவின் செரெங்கேட்டி புல்வெளியிலிருந்து மழையையும் பச்சைப் புல்லையும் தேடி வடக்கே நடக்கும் வைல்டுபீஸ்ட் என்ற விலங்குக் கூட்டம், மாரா ஆற்றைக் கடந்து கென்யாவுக்குள் வருவது ஜூலையில் தொடங்குகிறது. "நம்ம சீசன் முடியறப்போதான் அதுங்க சீசன் ஆரம்பிக்குது" என்பார், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்த ஏற்பாடு மாதிரி.

மனக்குறை ஒன்று உண்டு. அதே கூட்டம் தெற்கே என்டுட்டு பக்கத்துப் புல்வெளியில் கன்று போடும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டு மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கில் விழும். விழுந்த கன்று சில நிமிடத்தில் எழுந்து தாயோடு ஓடும். ஓடாவிட்டால் கழுதைப்புலிக்கு. இதை முதலாளி இந்தப் பிறவியில் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் அது தை, மாசி. கடையில் கல்யாணக் கூட்டம் அலைமோதும் நேரம். "ஒரு மாசம் தள்ளிப் போட்டா என்னவாம்" என்று அவர் கேட்டபோது கணக்குப்பிள்ளை நியாயம்தான் என்று தலையாட்டினார். கணக்குப்பிள்ளைக்கு அதுதான் வேலை.

போவதற்கு முன்பே பயணம் ஆரம்பித்துவிட்டது. கென்யா போய்த் திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட அட்டையைக் காட்ட வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொண்டு வந்து, மஞ்சள் அட்டையை மேல் பாக்கெட்டில் வெளியே தெரிய வைத்துக்கொண்டு நடந்தார். தெருவில் செய்தி 'மஞ்சள்' வரை சரியாகப் போனது. அதற்கப்புறம் காமாலை ஆகிவிட்டது. மறுநாள் காலை மூன்று வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்தது. ஒரு பாட்டி மோரில் அரைத்தே அனுப்பியிருந்தார். வந்ததை வீணாக்க மனமில்லாத வீட்டுக்கார அம்மாள் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். ஊசியும் போட்டு, கீழாநெல்லியும் குடித்து, முழுப் பாதுகாப்போடு ஆப்பிரிக்கா சென்ற முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது புளியோதரை. கென்யா 2017 ஆகஸ்டில் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த நாடு. வெறும் பெயருக்கான தடை அல்ல. அபராதம் உண்டு, நான்கு ஆண்டு வரை சிறையும் உண்டு. புளியோதரைக்காக உள்ளே போவதா என்று யோசித்து, எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்துக் கடையின் மஞ்சள் துணிப்பைகளில் போட்டு எடுத்துப் போனார்கள். இன்றைக்கும் மாசாய் மாராவில் எங்கேயாவது ஒரு மாசாய்க்காரர் வீட்டில், நம்பகமான முகூர்த்தப் பட்டுக்கு அணுக வேண்டிய முகவரி போட்ட பை ஒன்று தொங்கும். முதலாளி அதை விளம்பரச் செலவில் எழுதிவிட்டதாகக் கேள்வி.

உடுப்பையும் சொல்ல வேண்டும். நீலமும் கறுப்பும் போட்டால் செட்சி ஈ தேடி வந்து கடிக்கும் என்று யாரோ சொன்னதால் உள்ளாடை வரை காக்கி. மேலே பை வைத்த கையில்லாச் சட்டை. அதில் எத்தனை பை என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து வெகு நாள் கழித்துத்தான் ஒரு பையில் வீட்டுப் பீரோ சாவி கிடைத்தது. ஆப்பிரிக்கா என்றால் கொதிக்கும் என்று நினைத்துக் கம்பளி எடுத்துப் போகவில்லை. நைரோபி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜூலை அங்கே குளிர்காலம். விடியற்காலை மேல்கூரை திறந்த ஜீப்பில் பல் கிட்டியபோது, மாசாய்க்காரர்கள் போர்த்தியிருக்கும் சிவப்புக் கட்டம் போட்ட ஷுக்கா ஒன்றைச் சொன்ன விலைக்கு வாங்கினார். நூல் விலையில் அரைக்கால் ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்!

இனி அந்த நான்கு நிமிடம். கடைக்கு வரும் கல்யாண வீட்டார் யாரும் தப்ப முடியாது. பெண் வீட்டார் அரக்கும் மாம்பழ மஞ்சளும் விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் நீளும். முதல் நிமிடம் புழுதி. இரண்டாம் நிமிடம் முன் இருக்கைக்காரர் ஒருவருடைய பிடரி. மூன்றாவது நிமிடம் முழுக்க முதலாளியின் கட்டைவிரல், செக்கச்செவேலென்று. பின்னணியில் 'மா, மா' என்று ஆயிரம் தொண்டை கத்துகிறது, யாரோ அலறுகிறார்கள், அம்மாள் குரல் மட்டும் தெளிவாக, "ஏங்க, இன்னும் கொஞ்சம் புளியோதரை வைக்கட்டுமா?" நான்காம் நிமிடத்தில் விரல் விலகும்போது அக்கரையில் ஈரமான பின்பக்கங்கள் மேடேறிப் போய்க்கொண்டிருக்கின்றன. "பாத்தீங்களா!" என்பார் முதலாளி. பார்த்தோம் என்பார்கள். புடவையில் கொஞ்சம் குறைப்பார் என்ற நம்பிக்கைதான்.

இந்த ஆளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் பொய்யர் இல்லை. கரையில் ஆயிரக்கணக்கில் கூடுவது, முன்னால் நிற்பது தண்ணீரை மோந்துவிட்டுத் திரும்புவது, மறுபடி வருவது, பகல் முழுக்க இதே நடந்து, திடீரென்று ஒன்று குதித்ததும் மொத்தமும் பின்னாலேயே விழுவது எல்லாம் அவர் கண்ணால் கண்டது. முதலை இழுத்ததையும் கண்டார். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேல் மூழ்கிச் சாகின்றன என்கிறது ஓர் ஆய்வு. அதுவும் முதலையால் அல்ல, நெரிசலிலும் வெள்ளத்திலும். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் எப்படிச் சும்மா இருப்பார்? கண்டதை இறக்கி வைக்க இடமில்லை. அதனால் முடிவெட்டும் கடை, கல்யாணப் பந்தி, ரயில் நிலையத்து பெஞ்சு என்று சுமந்துகொண்டு அலைகிறார்.

எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் தாராளம். ஊர் திரும்பிய வாரம் 13 லட்சம் என்றார். புத்தகங்களில் உள்ளதும் ஏறக்குறைய அதுதான். தீபாவளிக்கு 15 லட்சம். தைப் பூசத்துக்கு 20. இதற்கிடையே 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் செயற்கைக்கோள் படங்களை வைத்து எண்ணிப் பார்த்து, 6 லட்சத்துக்கும் கீழேதான் என்று சொல்லிவிட்டார்கள். பேரன் அதை வாசித்துக் காட்டினான். முதலாளி அசரவில்லை. "அவங்க படம் புடிக்கும்போது பாதி ஆத்துக்குள்ள இருந்திருக்கும்டா."

அய்யம்பேட்டையில் அவருக்கு நெய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். யாளி, அன்னம், மயில், ருத்ராட்சம் எல்லாம் அவர் விரலில் இருக்கிறது. அவரிடம் போய், இந்த வருஷம் பார்டரில் புதுசாக வரிக்குதிரை போடலாம் என்றார் முதலாளி.

"முகூர்த்தப் பொடவைல கறுப்பு வெள்ளையா முதலாளி?"

"சரி, அப்ப இத போடு" என்று போனில் வைல்டுபீஸ்ட் படத்தைக் காட்டினார். மாட்டு மூஞ்சி, குதிரைப் பிடரி, ஆட்டுத் தாடி. ஆனால் மான் வகை என்று விளக்கமும் சொன்னார். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எருமை மாதிரி இருக்குதுங்களே. பொண்ணு வீட்டுல பாத்தா எமன் வாகனம்பாங்க. ஜக்கார்டு அட்டை அடிக்கிற கூலிய நீங்க குடுத்துடுவீங்க, பொடவைய யாரு கட்டறது?"

பேச்சை மாற்ற முதலாளி தோளிலிருந்த ஷுக்காவை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் அதை வாங்கி ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு இழையை உருவி, பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியை உரசிக் காட்டினார். பட்டென்றால் முடி கருகிய நாற்றம் வந்து சாம்பல் உதிர வேண்டும். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிய வேண்டும். இது சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாக நின்றது.

"மில்லுத் துணி முதலாளி. அக்ரிலிக். நல்லா ஒழைக்கும்" என்று மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஷுக்கா அய்யம்பேட்டைப் பக்கம் போவதில்லை.

வீட்டில் பேச்சு இன்னும் எடுபடாது. அம்மாள் பிறந்த ஊர் வேடந்தாங்கல் பக்கம். கண்டம் விட்டுக் கண்டம் வருவதெல்லாம் அவருக்குப் பிறந்த வீட்டுச் சமாசாரம். சைபீரியப் பக்கமிருந்து ஊசிவால் வாத்து வரும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைக்குத்தியும் ஏரி மரங்களில் கூடு கட்டும். எச்சம் விழுந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு எரு செலவு குறையும். அதற்காகவே அந்தக் காலத்தில் ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் போய், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுடக்கூடாது என்று கௌல் என்ற உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அது 1798-இல். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறியாயிற்று. குஞ்சு மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊரில் வளர்ந்தவர் அம்மாள். "அதுங்க பாட்டுக்கு வருது, போவுது. எங்க அப்பா ஒரு நாள் வாயத் தொறந்ததில்ல" என்பார். ஐம்பது கிலோமீட்டர் தூரம்கூட இல்லாத அந்த ஏரிப் பக்கம் மாமனார் வீட்டு விசேஷங்களுக்குப் போனபோதெல்லாம் முதலாளி பார்த்தது பந்தியை மட்டும்தான்.

பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையிலும் ஒருநாள் அடி விழுந்தது. முதலாளி 20 லட்சத்தை எடுத்துவிட்ட கையோடு டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தாமலே கேட்டார்: "2019-ல அத்தி வரதருக்கு எத்தன பேரு வந்தாங்க முதலாளி?"

முதலாளிக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக் கோயிலில் 48 நாள் தரிசனத்தில் ஒரு கோடிக்கு மேல். ஜூலை 1-இல் தொடங்கி ஒரு மாதம் சயனக் கோலம், பிறகு ஆகஸ்ட் 17 வரை நின்ற கோலம். அவரே வரிசையில் நின்றார், வி.ஐ.பி. பாஸ் கையில் இருந்தும்.

"அதுவும் ஆடிதான்" என்றார் மாஸ்டர். "இங்கியே முட்டிக்கிட்டு நின்னீங்க, வீடியோ எடுத்தீங்களா?"

எடுத்தார். அதிலும் கட்டைவிரல்தான். அதைச் சொல்லவில்லை.

இத்தனையும் தாங்கிய மனுஷனை ஆளையே இல்லாமல் ஆக்கியவர் ஒருவர் உண்டு. முத்தியால்பேட்டைக்கு மருமகனாக வந்தவர். டார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் பல வருஷம் கணக்கு பார்த்துவிட்டு இப்போது இங்கேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். டான்சானியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்று தெரிந்த அன்றைக்கே முதலாளி போய்விட்டார். கடைசியில் தன் பாஷை தெரிந்த ஒருவர்! 'ஜாம்போ' என்று வாசலிலேயே வணக்கம் வைத்தார். அவரும் பதிலுக்கு ஏதோ நீளமாகச் சொன்னார். முதலாளிக்குத் தெரிந்த சுவாஹிலி அந்த ஒரு சொல்லும் 'அசந்தே'யும்தான். அசந்தே என்றார்.

"செரெங்கேட்டி பாத்திருப்பீங்களே மாப்ள?"

"எங்கங்க. ஞாயித்துக்கிழமை ஒருநாள் லீவு. துணி தொவைக்கவே சரியா இருக்கும்."

முதலாளிக்கு உள்ளம் குளிர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்தவருக்கு அந்த நாட்டை விளக்க ஆரம்பித்தார். மழை எந்தப் பக்கமிருந்து வரும், கூட்டம் எப்படிச் சுற்றும், வரிக்குதிரை முன்னால் போய் உயரமான புல்லைக் கடித்துவிடும், பின்னால் வருவது கட்டைப் புல்லை மேயும் என்று கையை வீசி மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையிலேயே ஆற்றைக் கடந்தார். நான்கு நிமிடத்தையும் காட்டினார். அவர் ஒரு முறை கூடக் கொட்டாவி விடாமல் முழுவதும் பார்த்துவிட்டு, "அதுங்க வருஷத்துல முக்காவாசி எங்க பக்கம்தான் இருக்கும். சும்மா ரெண்டு மூணு மாசம் கென்யாவுக்கு மேய வரும்" என்று மட்டும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, டார் எஸ் சலாம் கரியாக்கூ மார்க்கெட்டில் ஒரு சாம்பாருக்கு முருங்கைக்காய் தேடிப் போன கதையைத் தொடங்கினார். முதலில் எந்த பஸ் ஏறுவது, அது எங்கே நிற்கும், அதற்கு எத்தனை ஷில்லிங் என்று நிதானமாக, ஒன்றையும் விடாமல்.

பஸ் கிளம்புவதற்குள் முதலாளிக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். போன் அடித்த சத்தம் மட்டும் திண்ணையில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.